பேருக்குப் பதில் தத்தித்தோம்

போர்ட் பிளேர் டாலிகஞ்சில் மத்தியாஸ் மேஸ்திரியைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் எழுப்பிய சுவருக்குத் தூக்குக்குண்டு வைத்துப் பார்க்க வேண்டியதில்லை என்பார்கள். அவர் கோபமும் அப்படித்தான், எந்தப் பக்கமும் சாயாமல் நேராக வந்து விழும். கலவையில் கொஞ்சம் தண்ணீர் கூடிவிட்டால் சித்தாளிலிருந்து கான்ட்ராக்டர் வரைக்கும் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அப்பேர்ப்பட்ட மனிதர், பாட்டுக் கச்சேரி என்று காதில் விழுந்தால் போதும், வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அதுவும் எல்லாக் கச்சேரிக்கும் இல்லை. சின்னப்பன் கச்சேரிக்கு மட்டும்.

சின்னப்பன், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து தீவுகளுக்குப் போய்வரும் கப்பலில் கலாசி. பகலில் கயிறு வீசிக் கப்பலைக் கட்டுவார், சாயங்காலம் பாட்டுக் கட்டுவார். ரேஷன் அரிசியில் கிடக்கும் கல்லைப் பற்றிப் பாட்டு, காலில் ஏறும் அட்டையைப் பற்றிப் பாட்டு, மெயின்லேண்டிலிருந்து புறப்பட்டு வந்து சேர்வதற்குள் முளைவிட்டுவிடும் வெங்காயத்தைப் பற்றிப் பாட்டு. கையில் ஓர் உடும்புத்தோல் கஞ்சிரா. அவ்வளவுதான் அவருடைய வாத்தியக் கோஷ்டி.

மத்தியாஸ் எல்லாக் கச்சேரியிலும் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாளம் போடமாட்டார், சிரிக்கவும் மாட்டார். கண் மட்டும் சின்னப்பன் வாயிலேயே இருக்கும். “இத்தனை ஆசையா பாட்டு கேக்குத ஆள நான் பாத்ததில்ல” என்று ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது அவர் மனைவி ரோசலின் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் ஆசையால் போகவில்லை. காவலுக்குப் போனார். எதற்குக் காவல் என்று தெரிய வேண்டுமானால் ஐம்பத்தேழாம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

அந்த வருஷம்தான் மத்தியாஸ் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியும் பூச்சுக் கரண்டியுமாகப் போர்ட் பிளேரில் வந்து இறங்கினார். ரங்கத் என்ற தீவூரில் குடியேற்றக்காரர்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டும் வேலை காத்திருந்தது. தமிழைத் தவிர ஒரு சொல் தெரியாது. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் டிக்கெட் ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் பாபுவிடம், “ரங்கத் கப்பல் எப்பம்?” என்று கேட்டார். பாபு நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “கல்” என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார்.

வேறு யாராவது இருந்தால் தலையைச் சொறிந்துகொண்டு போயிருப்பார்கள். இவரோ கொத்தனார். கல் என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். திரும்பிப் பார்த்தார். ஜெட்டி மராமத்துக்காகக் கொட்டியிருந்த கருங்கல் குவியல் கொஞ்ச தூரத்தில் கிடந்தது. சரி, கல் ஏற்றினால்தான் கப்பல் போகும் போலிருக்கிறது, ஆளில்லாமல் கிடக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார். சட்டையைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தார். தலையில் துண்டைச் சும்மாடு கட்டினார். சாயங்காலத்துக்குள் பாதிக் குவியல் ஜெட்டி ஓரத்துக்கு வந்துவிட்டது. சும்மா கொட்டவும் மனசு வரவில்லை. பெரியது கீழே, சின்னது மேலே என்று பார்வையாக அடுக்கியும் வைத்தார்.

பிறகு போய் ஜன்னலைத் தட்டினார். “பாபு, கல்லு வச்சாச்சு. கப்பல் எப்பம்?” பாபுவுக்கு இதில் புரிந்தது கல் ஒன்றுதான். இந்த மதராஸிக்கும் ஒரு வழியாக இந்தி வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டு, “ஹாங், கல், கல்” என்று பலமாகத் தலையாட்டினார். இத்தனையும் பத்தாதாமே என்று மத்தியாஸ் மிச்சக் குவியலுக்குத் திரும்பினார்.

மறுநாள் காலையில் கப்பல் வந்துவிட்டது. அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை, உழைத்ததற்குப் பலன். ஆட்கள் ஏறினார்கள், கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். கல்லை மட்டும் ஒருவரும் தொடவில்லை. மத்தியாஸ் ஏணிப்பலகையின் நடுவில் போய் நின்றுகொண்டார்.

“கல்லை ஏத்தாமப் போகப்பிடாது.”

“எந்தக் கல்லு அண்ணாச்சி?” என்று கேட்டது, கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த இளவட்டக் கலாசி. கேட்டுத் தெரிந்துகொண்டதும் அந்தக் கலாசி சிரித்த சிரிப்பில் கயிறு கைநழுவித் தண்ணீரில் விழுந்தது. அவர்தான் சின்னப்பன்.

“அண்ணாச்சி, இந்தியில கல்லுன்னா நாளைக்குன்னு அர்த்தம்.”

மத்தியாஸ் தான் அடுக்கிவைத்த கல்லைத் திரும்பிப் பார்த்தார். “அப்பம் நேத்தைக்கு என்ன சொல்லுவானுவ?”

“அதுக்கும் கல்லுதான்.”

“வெளங்கும்” என்றார் மத்தியாஸ்.

கப்பல் ரங்கத் போய்ச் சேர்வதற்குள் பாட்டுப் பிறந்துவிட்டது. மேல்தட்டில் உட்கார்ந்து சின்னப்பன் முனகிக்கொண்டிருந்ததைக் கேட்டு மத்தியாஸ் பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்தார். பாட்டில் அவர் பேர் இருந்தது.

“ஏலே, எனக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்காவ. கல்லு சுமந்த கிறுக்கனுக்கு எவன்ல பொண்ணு குடுப்பான்? எம்பேரு ஒன் வாயில வந்துச்சோ, இந்தக் கரண்டிதான் பேசும்.”

சின்னப்பன் கரண்டியையும் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையையும் பார்த்தார். “பாட்டை விட முடியாது அண்ணாச்சி, நல்லா அமைஞ்சிட்டு. பேரை விட்டுருதேன். அந்தோணியார் மேல சத்தியம். பேரு வார இடத்துல கஞ்சிராவத் தட்டிருதேன்.” உடனே தட்டியும் காட்டினார். மத்-தி-யாஸ் என்று வரவேண்டிய இடத்தில் தத்-தி-தோம் என்று மூன்று அடி.

*யாரு பெத்த பிள்ளையடா, பேரு என்ன சொல்லு?*
*தத்தித்தோம், தத்தித்தோம், தூக்கிவையி கல்லு!*

அந்தப் பாட்டு தீவுக்குத் தீவு தாவியது. பாடுமுன் சின்னப்பன் ஒரு சின்னப் பேச்சுப் பேசுவார். “இந்த ஊருல நேத்தைக்கும் நாளைக்கும் ஒரே சொல்லு. அதனால கப்பல் எப்ப வந்தாலும் பாபு சொன்னது சரியாப் போயிரும்.” அதற்கே பாதிக் கூட்டம் சிரித்து விழுந்துவிடும். தமிழ் தெரியாத வங்காளிகளும் தெலுங்கர்களும் மலையாளிகளும்கூட அந்த மூன்று அடி வந்ததும் தொடையில் தட்டித் தத்தித்தோம் என்று கத்துவார்கள். தட்டுவதற்கு முன் சின்னப்பன் ஒரு கணம் நிறுத்தி, முதல் வரிசையைப் பார்த்து லேசாகச் சிரிப்பார். அதைத் தாள நுணுக்கம் என்று விவரம் தெரிந்தவர்கள் சிலாகித்தார்கள். மத்தியாஸ் மட்டும் அந்த ஒரு கணத்தில் கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொள்வார்.

ரங்கத் வேலை முடிந்து போர்ட் பிளேருக்குத் திரும்பினார். ஷாதிபூரில் வலைக்காரர் அல்போன்ஸ் தானாகவே ஆள் விட்டுக் கேட்டு, தன் மகள் ரோசலினைக் கொடுத்தார். பிள்ளைகள் பிறந்தார்கள், டாலிகஞ்சில் சொந்தமாக வீடு எழும்பியது, மத்தியாஸ் மேஸ்திரி ஆனார். பாதி ஊர் அவர் கட்டிய சுவருக்குள் தூங்கியது. இனிமேல் பெண் கொடுக்கமாட்டார்களே என்ற பயம் கிடையாது. ஆனால் மேஸ்திரி என்ற மரியாதை ஒன்று வந்து ஒட்டிக்கொண்டதே. “தூக்கிவையி கல்லு” என்று ஒரு சித்தாள் முதுகுக்குப் பின்னால் பாடினால் அப்புறம் யாரை அதட்டுவது? ஆகவே காவல் தொடர்ந்தது. பதினைந்து வருஷம், வெயிலோ மழையோ, ஒரு கச்சேரி தப்பவில்லை. சின்னப்பனும் சொன்ன சொல் தப்பவில்லை. குடித்திருந்தபோதும் சொல்லவில்லை, பெரிய அதிகாரிகள் சிரித்துக்கொண்டே கேட்டபோதும் சொல்லவில்லை.

எழுபத்திரண்டில் காய்ச்சல் கண்டு ஒரே வாரத்தில் சின்னப்பன் போய்விட்டார். மத்தியாஸ் தானே கல்லறை கட்டினார். கூலிக்காரன் ஒருவனையும் தொடவிடவில்லை.

அடுத்த மாதம் பொன்னம்மா டீக்கடையில் ரசிகர்கள் கூடினார்கள். பேச்செல்லாம் பழைய கச்சேரிகள்தான். ஷாதிபூர் மைதானத்தில் அடைமழையிலும் ஒருவர் எழாத கதையைச் சொன்னார்கள். அன்று குடை விரித்தவரைத்தான் பின்னால் இருந்தவர்கள் திட்டினார்களாம், நனைவது பெரிதில்லை, மறைக்கிறதாம். கடல் கொந்தளிப்பில் வாந்தியெடுத்துக் கிடந்த கப்பல் முழுவதையும் வெங்காயப் பாட்டுப் பாடி எழுப்பி உட்கார வைத்ததைச் சொன்னார்கள். “வெங்காயம்னதும் எனக்கு இன்னும் அதிகமாத்தான் வந்துச்சு” என்றாள் பொன்னம்மா. பாடிப்பாடிச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மூக்கையும் சிந்தினார்கள்.

ஆர்மோனியம் ஜம்புலிங்கம், சின்னப்பன் நினைவுக்கு ஒரு கச்சேரி வைக்கலாம் என்றார். எல்லோருக்கும் சம்மதம். “கல்லுப் பாட்டுல அந்த ஆள் யாருன்னு கேட்டுக் கேட்டு ஜனங்களுக்கு அலுத்துப் போச்சு. இனிமேலாவது பேரைச் சேர்த்துப் பாடிடலாம். யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார்.

மத்தியாஸ் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாந்தானுங்க அது” என்றது ஒரு குரல். கிடங்கு கிளார்க் பழனிசாமி. “என்ற மானத்தைக் காப்பாத்தத்தான் அவரு பேரை மறைச்சாருங்க. இப்ப அவரே இல்லை. சொல்லிப்போடலாமுங்க.”

எல்லோரும் கை தட்டினார்கள். மேடையில் கூப்பிட்டுச் சால்வை போடுவதாகவும் முடிவாயிற்று. பழனிசாமி அன்றைக்கே அதற்குத் தோதாகத் தோளை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்.

மத்தியாஸும் வீட்டுக்குப் போனார். தட்டில் சோறு அப்படியே இருந்தது. “என்ன, கொழம்புல உப்பில்லையா?” என்று ரோசலின் கேட்டாள்.

“உப்பெல்லாம் இருக்கு. பழனிசாமியாம்.”

“என்ன பழனிசாமி?”

“ஒண்ணுமில்ல. நீ மீன வையி.”

நியாயமாகப் பார்த்தால் அவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். பதினைந்து வருஷத் தலைவலியை ஒருவன் தானாக வந்து தலையில் வாங்கிக்கொள்கிறான். இனிமேல் காவல் வேண்டியதில்லை, கையைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் நெஞ்சு எரிந்தது. கல்லைக் கையால் தொட்டிருப்பானா அவன்? அடுக்கத் தெரியுமா அவனுக்கு? அதெல்லாம் போகட்டும், சின்னப்பன் ஒவ்வொரு கச்சேரியிலும் நிறுத்திச் சிரித்துத் தட்டியது யாரைப் பார்த்து? அது அவர்கள் இரண்டு பேருக்குமான பேச்சு. ஊரே கேட்டிருக்க, ஊருக்குத் தெரியாமல் பேசிக்கொண்ட பேச்சு. அதற்குள் பழனிசாமி எங்கே வந்தான்?

கச்சேரி அன்று ஷாதிபூர் மைதானம் நிரம்பிவிட்டது. தீவில் இருட்டுத்தான் சீக்கிரம் வந்துவிடுமே, ஐந்தரைக்கே விளக்குப் போட்டார்கள். மத்தியாஸ் வழக்கமான இடத்தில் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ரோசலின். மேடைமேல் பழனிசாமிக்கு நாற்காலி. சின்னப்பனின் கஞ்சிராவை ஒரு மேஜைமேல் வைத்து மாலை போட்டிருந்தார்கள்.

கல்லுப் பாட்டு வந்தது. ஜம்புலிங்கம் இழுத்துப் பாடினார். பாபு ஜன்னலைச் சாத்தினார், ஆள் சும்மாடு கட்டினான், கல் ஜெட்டிக்கு வந்தது. கூட்டம் தொடையில் கையை வைத்துக் காத்திருந்தது.

“யாரு பெத்த பிள்ளையடா, பேரு என்ன சொல்லு? பழனிச்சா… பழனிசா…”

பேர் தாளத்தில் உட்காரவில்லை. மூன்று அடிக்குக் கட்டிய இடத்தில் பழனிசாமி எப்படி நுழைவார்? ஜம்புலிங்கம் திணறினார், ஆர்மோனியம் எங்கோ போயிற்று. கூட்டத்தின் கைகள் தட்டுவதா வேண்டாமா என்று அந்தரத்தில் நின்றன. ஜம்புலிங்கம் விடாமல் திரும்பவும் எடுத்தார்.

“யாரு பெத்த பிள்ளையடா, பேரு என்ன சொல்லு?”

மத்தியாஸ் எழுந்து நின்றார். எப்போது எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

“மத்தியாஸ்” என்று கத்தினார். “மத்தியாஸ். தூக்கிவையி கல்லு.”

சுவரில் செங்கல் உட்காருவதுபோலப் பேர் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. தத்தித்தோம், மத்தியாஸ் என்று பொன்னம்மா வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லிப் பார்த்துவிட்டு, “அட, மேஸ்திரி” என்றாள். அப்புறம் பிடித்தது சிரிப்பு. முன்வரிசையில் பிடித்துக் கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. சித்தாள்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். பழனிசாமி நாற்காலியை மெல்லப் பின்னால் நகர்த்திக்கொண்டு, எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார். அடுத்த தடவை அந்த வரி வந்தபோது வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று மைதானம் முழுக்க ஒரே குரலில் மத்தியாஸ் என்றது. மத்தியாஸ் கட்டிய கையை அவிழ்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொடையில் தாளம் போட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

திரும்பும் வழியில் அவர் ரோசலின் முகத்தைப் பார்க்கவேயில்லை. “இத்தன வருஷமா ஓங்கிட்ட மறைச்சிட்டேன். கோவமா?” என்றார்.

“எங்க மறைச்சிய?” என்றாள் ரோசலின். “நீங்க கல்லு சுமந்தன்னைக்கு எங்கப்பா அங்கனதான் வலை காயப்போட்டுக்கிட்டு நின்னாவ. வீட்டுக்கு வந்து, ‘ஒருத்தன் கூலியில்லாம ஒரு நாளு பூரா கல்லு சுமக்கான், அதையும் அழகா அடுக்குதான். இவனுக்குக் குடுத்தா நம்ம பிள்ள பட்டினி கெடக்காது’ன்னாவ. பொறவு ரெண்டு வருஷமா நீங்க ரங்கத்துல இருந்து எப்ப வருவியன்னு அந்தப் பாபுகிட்டத்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்தாவ.”

மத்தியாஸ் நின்றுவிட்டார். “பாபு என்ன சொன்னான்?”

“கல்லுன்னான்.”

மத்தியாஸுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே வந்தவர் தெருமுனையில் மறுபடி நின்று முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். “இத அந்தப் பயகிட்டச் சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு வரி கட்டியிருப்பான்” என்றார்.