சிடியில் இல்லாத கடைசி வரிகள்

கோமதிநாயகம் அண்ணாச்சி இன்று காலை தவறிவிட்டார். ஆரியசாலையில் வீடு, கொஞ்ச நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தார்.

எங்கள் ஆபீஸின் பழைய ஆட்கள் சிலர் இந்தக் குழுமத்தில் இருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

நகல் பிரிவில் அவரும் நானும் எதிரெதிர் மேஜை. டைப் ஆகி வந்த பிரதியை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர் மூலத்தில் விரல் வைத்துக்கொண்டு கூடவே வர வேண்டும். கமா, ஃபுல்ஸ்டாப், பாரா... எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். கம்பேரிங் என்போம்.

அதில் அண்ணாச்சிக்கு ஒரே ஒரு சட்டம்தான். சரிபார்க்கிறவன் கண், படிக்கிறவனுக்கு முன்னால் ஓடக் கூடாது. ஓடினால் பிழை இருக்கிற இடத்தைக் கண் தாண்டிப் போய்விடும்.

“மெதுவா வாரும் வே. தம்பானூர்ல ரயில் பிடிக்கவா போறீரு?” என்பார்.

ரிட்டயர் ஆன பிறகு அவருக்குக் கண்ணில் நடுப்பார்வை போயிற்று. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம். லென்ஸ் வைத்தும் புத்தகம் படிக்க முடியவில்லை.

மகன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தான். நானும் விசாரித்து, ஒரு பெரிய குடும்ப நாவல் சிடியாக வந்திருக்கிறது என்று சொன்னேன். எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கலாம் என்று அட்டையில் போட்டிருந்தது.

விலை, அச்சுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. காகிதம் இல்லை, பைண்டிங் இல்லை, லாரி வாடகை இல்லை... அந்தக் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எனக்குத் தெரியாத செலவுகள் இருக்கலாம்.

முதல் வாரமே அவரிடமிருந்து போன் வந்தது.

“வைத்தி, கதையில ராஜம் கதவத் தொறக்கா. அதோட பக்கம் முடிஞ்சு போச்சு. அடுத்த பக்கத்துல ‘என்று அழுதான்’னு ஆரம்பிக்கி. யாரு வே அழுதான்? வாசல்ல எவன் நிக்கான்?”

போய்ப் பார்த்தேன். ஸ்கேன் செய்தபோது தாளைக் கோணலாக வைத்திருக்க வேண்டும். இடப்பக்கங்களில் எல்லாம் கடைசி வரி அறுந்திருந்தது. புத்தகம் முழுவதும் அப்படியே.

மலையாளிக் கடைக்காரர், உறை பிரித்திருந்த சிடியைப் பார்க்கக்கூட இல்லை. “சாரே, கவர் பொட்டிச்ச சிடி நாங்க திரும்ப எடுக்கதில்ல, கேட்டோ.”

பதிப்பகத்துக்கு எஸ்.டி.டி. போட்டேன். ஒரு பெண் பொறுமையாகத்தான் பேசினாள். “சார், சிடி வந்து சும்மா ரெஃபரன்ஸுக்கு சார். வாசிக்கணும்னா புக் வாங்கிக்கோங்க.”

இதை அண்ணாச்சியிடம் சொன்னபோது சிரித்தார். “கிழிஞ்ச புஸ்தகம்னா பாத்த ஒடனே தெரியும், வெலையக் கொறைப்பான். இது உள்ள கிழிஞ்சிருக்குல்லா, யாருக்குத் தெரியப்போவுது?”

கடைசியில் அச்சுப் புத்தகத்தையும் வாங்கினேன். ஒரே நாவலுக்கு இரண்டு விலை. அதை அவருக்குக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை என்பதால் என் வீட்டில் வைத்துக்கொண்டேன்.

காலையில் அவர் போன் செய்வார். பக்க எண்ணைச் சொல்வார். நான் அந்தப் பக்கத்தின் கடைசி வரியைப் படிப்பேன். பழைய வழக்கம் விடவில்லை... கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாம் சேர்த்துத்தான். அவர் படித்த பக்கம் வரைக்கும் நானும் கூடவே படித்து வந்தேன்.

“யாருக்கு மந்திரம் ஓதறேள்? நடுவுல என்ன கமா?” என்று என் மனைவி கேட்பாள்.

பாதி நாவல் தாண்டியதும் கண் இன்னும் மோசமாயிற்று. எழுத்தை மேலும் பெரிதாக்கினால் பிசிறடித்தது. அந்த சிடியில் இருந்தது எழுத்தே இல்லை, பக்கத்தைப் பிடித்த படம். ஓர் அளவுக்கு மேல் ‘ன’வும் ‘ள’வும் ஒரே சாம்பல் திட்டு. என் புத்தகத்தில் அதே எழுத்து கடைந்தெடுத்ததுபோல் இருந்தது. ஆனால் அதைப் பெரிதாக்க முடியாதே.

நான் உரக்கப் படிக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

“கேக்கதுக்கு ரேடியோ கெடக்கு வே. எனக்கு வாசிக்கணும்.”

பிறகு போன் வருவது நின்றுபோயிற்று. இன்னும் ஒருமுறை வற்புறுத்தியிருக்கலாமோ... தெரியவில்லை. எனக்கு யாரையும் வற்புறுத்தத் தெரியாது.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மூக்கில் ட்யூப். ஓரக்கண்ணால் என்னைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“வைத்தி, வீட்ட விட்டுப் போன ராஜம் கடைசில என்ன ஆனா?”

அவர் நிறுத்திய பக்கத்தில்தான் நானும் நிறுத்தியிருந்தேன். அவருக்கு முன்னால் போய்ப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

“நானும் அங்கதான் நிக்கறேன் அண்ணாச்சி” என்றேன்.

சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள்.

“செத்தாலும் நீரு கம்பேரிங் கிளார்க்குதான் வே” என்றார். அப்புறம், மெதுவாக... “இந்த ஒரு தடவ முன்னால ஓடிப் பாத்துட்டு வாருமே.”

நேற்றுக் காலை புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். சாப்பிட எழுந்ததோடு சரி. படித்து முடித்தபோது பார்வையாளர் நேரம் கடந்திருந்தது. இன்று போகலாம் என்று சட்டையை எடுத்து வைத்திருந்தேன்.

விடிந்ததும் மகன் கூப்பிட்டான். “மாமா, அப்பா போயாச்சு.”

இன்று சாயங்காலம் தைக்காட்டில் தகனம். முடிந்தவர்கள் வரவும்.

ராஜம் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை, அண்ணாச்சி. தனியாகத்தான் இருந்தாள், கடைசி வரைக்கும்.

போய் வாருங்கள்.