பிடிவாதக்காரி எந்த விண்மீன்?

சகீனா மறைந்துவிட்டார் என்பதை உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து சொன்னவர் பள்ளி ஆசிரியர் கருப்பையா. மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். “மஞ்சக்காமாலை, தாயி. முத்திப் போச்சாம்” என்றார். கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை.

சகீனாவும் நானும் ஒரே கல்லூரியில் இயற்பியல் ஆசிரியைகள். ஒளி கூடிக் குறையும் விண்மீன்களைப் பார்த்துக் குறிக்கும் வேலையில் எங்களை இழுத்துவிட்டவர் அவர்தாம். சிம்மக்கல்லில் தம் வீட்டு மாடியில் அவர், சமயநல்லூரில் நான், உசிலம்பட்டியில் கருப்பையா. ஒளி மாறாத இன்னொரு விண்மீனோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. மாதக் கடைசியில் சகீனா எல்லாவற்றையும் சேர்த்து, அட்டைகளில் துளையிட்டு, வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தின் கம்ப்யூட்டருக்கு அனுப்புவார்.

ஒருமுறை அப்படிச் சேர்த்தபோது என் குறிப்பு மட்டும் ஒத்துவரவில்லை. மாற்றட்டுமா என்றேன்.

“அடியே, உன் கண்ணுக்குத் தெரிஞ்சத எழுது. எங்களுக்கு ஒத்து ஊதவா உன்னைச் சேத்தேன்?”

மகள் பிறந்தபின் பல நாள் பார்க்க முடியவில்லை. “வெறுமனே விடாத. பாக்காததுக்குக் காரணம் மேகமா, பிள்ளையான்னு பின்னால வாரவனுக்குத் தெரிய வேணாமா?” என்றார். அட்டையில் மேகத்துக்கு ஏற்கெனவே ஓர் எண் இருந்தது. பிள்ளைக்கும் ஓர் எண் கொடுத்தார்.

பக்கத்துக் கட்டடம் உயர்ந்து, அவர் ஒப்பிட்டுவந்த விண்மீனை மறைத்தது. வேறொன்றைத் தேர்ந்து, ஒளி மாறாததால் ‘பிடிவாதக்காரி’ என்று பெயர் வைத்தார். எது என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் வான்படத்தில் குறிக்கவில்லை; அட்டையிலும் அந்தச் செல்லப்பெயரே போனது. அது எது என்று தெரியாவிட்டால் அதன்பின் அவர் எழுதிய அனைத்தையும் ஆய்வுக்கூடத்தில் ஒதுக்கிவிடுவார்களாம்.

அவருடைய கணவர் அப்பாஸ் அண்ணனிடம் ஓடினேன். “காட்டுறேன் வாங்கன்னு எத்தனையோ தடவ கூப்பிட்டாம்மா. இந்தா வாரேன், இந்தா வாரேன்னே கடையில இருந்துட்டேன்” என்று அழுதார்.

“அந்தப் பக்கம் ஒளி மாறாதது ரெண்டுதான் தாயி, அதுல ஒண்ணுதான். ஒண்ணப் போட்டுருவோம்” என்றார் கருப்பையா. “அம்புட்டு வருச உழைப்பு. எவன் வந்து பாக்கப் போறான்?”

அந்த மாத அட்டைகளை நானே அனுப்ப உட்கார்ந்தபோது, என் பேனாவும் அந்த இரண்டில் ஒன்றிடமே போய் நின்றது. தப்பானதைப் போட்டால், அவர் பார்க்காததைப் பார்த்ததாக அல்லவா ஆகிவிடும்? ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். அட்டைப் பெட்டி போய்விட்டது.

நேற்று மாலை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சகீனாவின் மாடிக்குப் போனேன். அப்பாஸ் அண்ணன் வான்படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “இதுவாம்மா? அதுவா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விண்மீன்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எதைக் காட்டுவேன்?

போய் வா, சகீனா. ஒரே ஒரு தடவை விரலை நீட்டிக் காட்டிவிட்டுப் போயிருக்கலாமடி.