யோகலிங்கத்தின் கடைக்கு நேரெதிரே

மல்லாவிச் சந்தையில் ஞானேஸ்வரி பொம்மை விற்க உட்கார்ந்தது பிழைப்புக்காக மட்டுமல்ல, யோகலிங்கத்தின் முகம் கறுப்பதைப் பார்க்கவும்தான். கேட்டால் அவள் அதை மறைக்கமாட்டாள்.

அவளுடைய தாய் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். பிறருடைய வயலில் கூலிக்கு நின்று பிள்ளையை வளர்த்தார்கள். அவள் பிறந்தது, படித்தது, சண்டைக் காலத்தில் செல்லடிக்குப் பயந்து ஓடியது, திரும்பி வந்து குடிசை போட்டது எல்லாம் வன்னியில்தான். புருஷன் விட்டுப்போனபிறகு யோகலிங்கத்தின் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

யோகலிங்கம் வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வரும் பாவித்த சாமான்களைக் கொழும்பில் எடுத்து வந்து விற்பவர். அதில் பழைய காலத்துப் பிளாஸ்ரிக் விளையாட்டுச் சாமான்களுக்குத் தனி மவுசு. தடித்த பிளாஸ்ரிக், இலேசில் உடையாது. ஒரேயொரு தொல்லை, நாற்றம்தான். எந்த நாட்டில் எந்த இருட்டறைக்குள் கிடந்தனவோ, மூட்டையை அவிழ்த்ததும் ஈரச் சாக்கு நாற்றம் மூக்கில் அடிக்கும்.

அதைப் போக்குவது ஞானேஸ்வரியின் வேலை. பொம்மையின் தலை, கை, காலைக் கழற்றுவாள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து, பல் தீட்டும் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்ப்பாள். வினாகிரி கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காற்றாட உலர்த்தி, சிரட்டைக்கரித் துண்டுகளோடு மூடிய வாளிக்குள் வைப்பாள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் நின்றாலும் நாற்றம் திரும்பிவிடும்.

ஒரு மாரியில் கடையின் பின்னறைக் கூரை ஒழுகிச் சாமான்கள் நனைந்தன. "இன்னும் காயேல்லை முதலாளி, விக்காதேங்கோ" என்று அவள் சொன்னாள். அவர் கேட்கவில்லை. பவுடரைத் தூவி விற்றார். முன்பள்ளி ரீச்சர் பத்மாசனி ஒரு பெரிய பொம்மையை வாங்கிப்போய், சில நாளில் திருப்பிக் கொண்டுவந்தார்.

"நாறுது ஐயா. பிள்ளையள் கிட்டவும் போகுதுகள் இல்லை."

கடை நிறையச் சனம். யோகலிங்கம் ஞானேஸ்வரியைக் கண்ணால் காட்டினார்.

"அது சாமான்ர நாத்தம் இல்லை ரீச்சர். கழுவுறவளின்ர கை நாத்தம். தோட்டக்காட்டுச் சனத்தை உள்ளுக்கு எடுத்தா இப்பிடித்தான்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ரீச்சர் நிலத்தைப் பார்த்தார். ஞானேஸ்வரி பிரஷ்ஷை வாளிக்குள் போட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கையைக் கழுவினாள். சவர்க்காரம் போட்டுத் திரும்பவும் கழுவினாள். பிறகு கையை மூக்கருகே கொண்டுபோனாள். தான் என்ன செய்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன் கையைத் தானே மணந்து பார்க்க வைத்துவிட்டானே! அந்த ஆத்திரம் அதன்பிறகு ஆறவேயில்லை.

நனைந்த சாமான்களை யோகலிங்கம் குப்பை விலைக்குத் தள்ளப்போகிறார் என்று கேள்விப்பட்டாள். பக்கத்து வீட்டுச் சுரேகா ஓட்டோவில் பழைய இரும்பும் பிளாஸ்ரிக்கும் எடுப்பவள்.

"நீ வாங்கு. ஆருக்கெண்டு மட்டும் சொல்லிப்போடாத" என்றாள் ஞானேஸ்வரி.

தை மாதம் முழுக்கக் கிணற்றடியிலேயே கிடந்தாள். ஒவ்வொரு பொம்மையையும் தேய்க்கும்போது யோகலிங்கத்தின் முகத்தைத் தேய்ப்பதாக நினைத்துக்கொண்டாள். பிறகு சந்தை நாளொன்றில் அவருடைய கடைக்கு நேரெதிரே பாயை விரித்தாள். முந்தின நாளே முன்பள்ளிக்குப் போய்ப் பத்மாசனியை வரச்சொல்லியிருந்தாள்.

"மணந்து பாருங்கோ ரீச்சர்."

பத்மாசனி தயங்கித் தயங்கிப் பொம்மையை வாங்கினார். தலைமுடியை மணந்தார். தலையைக் கழற்றி உள்ளேயும் மணந்தார்.

"ஒண்டும் மணக்கேல்லையே! எங்க எடுத்தனீங்கள்?"

"இந்தா, முன் கடையிலதான்." சந்தைக்கே கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "நீங்கள் அண்டைக்குத் திருப்பிக் குடுத்த அதே பொம்மை. காலில உங்கட பிள்ளையள் கீறின நீலக் கோட்டைப் பாருங்கோ. கழுவினதும் அதே தோட்டக்காட்டுக் கைதான்."

யோகலிங்கம் பாய்ந்து வந்தார். "உதெல்லாம் என்ர சாமான்!"

"ஓம் முதலாளி. நீங்கள் குப்பையெண்டு வித்த சாமான்."

சனம் சிரித்தது. அவர் முகம் கறுத்தது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு நான் வாய் திறந்திருக்கவேணும்" என்றார் பத்மாசனி மெல்ல.

"ஓம், திறந்திருக்கவேணும்" என்றாள் ஞானேஸ்வரி. ரீச்சருக்காகவும் அவள் இளகவில்லை.

அதன்பிறகு யோகலிங்கத்திடம் பொம்மை வாங்குகிறவர்கள் முதலில் மணந்துதான் பார்த்தார்கள். ஒருநாள் அவரே அவள் வீட்டுக்கு வந்தார். கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள்.

"நடந்தது நடந்துபோச்சு பிள்ளை. திரும்பக் கடைக்கு வா. இல்லாட்டி எப்பிடிச் செய்யிறதெண்டாவது சொல்லு."

மன்னிப்பு என்ற சொல் வருமா என்று அவள் கொஞ்சம் பொறுத்தாள். வரவில்லை.

"நல்லாக் கொதிக்கிற தண்ணியில அவிச்செடுத்து, தகரத்துக்கு மேல வெயிலில காயவிடுங்கோ முதலாளி."

அவள் எப்படிக் கழுவுவாள் என்று அவர் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. பழைய பிளாஸ்ரிக்கைக் கெடுக்க அதைவிட வேறொன்றும் தேவையில்லை. சில நாளில் சுரேகாவின் ஓட்டோ நிறைய முகம் சப்பளிந்த, கால் முறுகிய பொம்மைகள் வந்தன. சுரேகா விழுந்து விழுந்து சிரித்தாள். ஞானேஸ்வரி ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தாள். பொம்மைக்காக மனம் நொந்தது, அவருக்காக இல்லை.

யோகலிங்கம் இப்போது வாளியும் கதிரையும்தான் விற்கிறார். ஞானேஸ்வரியின் வீட்டிலிருந்து சந்தைக்குப் போகக் குளக்கட்டு வழியாகக் கிட்டிய பாதை ஒன்றுண்டு. அவள் அதால் போவதில்லை. பொம்மை மூட்டை கட்டிய சைக்கிளை, அவருடைய கடை வாசலால்தான் உருட்டிக்கொண்டு போவாள், மெதுவாக.