லாரிகளை ஓடவைத்தவள்

சார்ஜென்ட் அக்கா என்றால் அந்தக் குடியிருப்பில் பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தின் போக்குவரத்துப் பிரிவில் இருந்தவள். அவள் துப்பாக்கி தூக்கிய நாட்களைவிட, பென்சிலும் வரைபடமுமாக உட்கார்ந்து லாரிகளை ஓடவைத்த நாட்கள்தான் அதிகம். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், ஒற்றை வழிப் பாலத்தில் யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும், எந்த டிரைவரை எங்கே மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவள் கணக்குப்படிதான் நடக்கும்.

நாற்பத்து மூன்று வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், சமையலறை அலமாரியை மூன்றாவது முறையாக மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர், பொறுமைசாலி. அவருக்கே தாங்கவில்லை.

“உப்பு டப்பாவைக் கண்டுபிடிக்கவே எனக்கு இப்ப மேப் வேணும் போலிருக்கு. தயவுசெஞ்சு சீக்கிரம் ஒரு வேலை பாரு. நான் பொழைச்சுக்குவேன்.”

“பாக்கத்தான் போறேன். ஆனா கேட்டுல நிக்கிற வேலை மட்டும் வேண்டாங்க. எனக்குத் தெரிஞ்சது வண்டி. வண்டி வேலைதான் பாப்பேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. நகரத்தில் லாரிகள் வைத்துத் தொழில் செய்கிற கம்பெனிகளை ஒவ்வொன்றாக விசாரித்து எழுதினாள். வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மூன்று ஏஜென்சிகளில் ரெஸ்யூமைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஒரே வாரத்தில் போன் வந்தது. முதலில் அழைத்தவர், துணிக்கடை வாசலில் பெண்களின் பையைச் சோதிக்க ஆள் வேண்டும் என்றார். அடுத்தவர் பெண்கள் விடுதிக்கு வார்டன் வேலை இருக்கிறது என்றார். இருவரிடமும் முகம் கோணாமல் வேண்டாம் என்றாள். மூன்றாவது ஏஜென்சிக்காரன்தான் அவள் வயிற்றில் பால் வார்த்தான். மருந்துகளை மொத்தமாக அனுப்புகிற பெரிய கம்பெனி, சொந்தமாக நாற்பது லாரி, மறுநாளே இன்டர்வியூ.

இஸ்திரி போட்ட உடையில் கால் மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்தாள். கம்பெனி அதிகாரி காகிதத்தைப் புரட்டிவிட்டு, “செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலைக்குத்தானே வந்திருக்கீங்க?” என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பெயர் அவளுடையது. அதன் கீழே, பாதுகாப்புப் பணியில் இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் என்று யாரோ மாற்றி அடித்திருந்தார்கள்.

“சார், இது நான் எழுதினதில்ல” என்றாள். அதிகாரிக்குப் பின்னால் இருந்த கண்ணாடி வழியே, சரக்கு ஏற்றும் முற்றம் தெரிந்தது. காலியான லாரி ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, ஏற்றி முடித்த நான்கு லாரிகள் வெளியேற வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. “அந்த வண்டிங்களுக்கு நேரம் போட்டுக் கொடுக்கிறது யாரு சார்?”

“அதுக்குத்தான் ஆள் கிடைக்காம தவிக்கிறோம். ஆனா அதுக்கு டிகிரி வேணும். சாப்ட்வேரும் தெரியணும்.”

அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறவில்லை. தன்னை அனுப்பிய ஏஜென்சிக்கே நேரே போய், காதில் ஹெட்போனோடு இருந்த அந்த இளைஞனின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என்னைக் கேக்காம எப்படி மாத்துனீங்க தம்பி?”

அவன் முகம் வெளிறிவிட்டது. “மேடம், ஆர்மின்னாலே எல்லாரும் செக்யூரிட்டிதான் கேக்கறாங்க. உங்களுக்குச் சீக்கிரம் கிடைக்கட்டுமேன்னுதான்...” என்று இழுத்தவன், சட்டென்று அவளுடைய பழைய ரெஸ்யூமை எடுத்து அவள் முன் வைத்தான். “நீங்களே சொல்லுங்க மேடம். இதைப் படிச்சா நீங்க என்ன வேலை பாத்தீங்கன்னு யாருக்காவது புரியுமா?”

அவள் படித்துப் பார்த்தாள். வரிக்கு வரி ராணுவத்துச் சுருக்கப் பெயர்கள். படைப்பிரிவின் எண், பயிற்சியின் குறியீடு, பதவியின் மூன்றெழுத்து. லாரி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கோபத்தோடு வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தப்பு ரெண்டு பேர் மேலயும்தான். சரி, எழுதுங்க. ஐம்பத்திரண்டு லாரி, மலைப்பாதை, நாலு நாள். ஒரு பெட்டிகூடக் குறையாம கொண்டு சேத்தேன். அதை எப்படிச் செஞ்சேன்னு சொல்றேன்.”

அவன் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டான். பாதிக்கு மேல் நல்ல கேள்விகள். வீட்டில் மிச்ச வேலையைக் கல்லூரியில் படிக்கிற மகள் பார்த்துக்கொண்டாள். “அம்மா, இந்த மூணெழுத்துக்கு என்ன அர்த்தம்? உனக்கே ஞாபகம் இல்லையா? அப்ப அடிச்சிரு” என்று ஈவிரக்கமில்லாமல் வெட்டினாள். நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமானது.

சாப்ட்வேர் பாக்கி. கணினிப் பயிற்சி நிலையத்தில் மகள் வயதுப் பிள்ளைகளோடு மூன்று வாரம் உட்கார்ந்தாள். முதல் நாள் மவுஸ் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இரண்டாம் வாரம் பக்கத்து இருக்கைப் பெண்ணே அவளிடம் சந்தேகம் கேட்டாள்.

ஏஜென்சி இளைஞன் அந்த மருந்துக் கம்பெனியை விடாமல் போனில் துளைத்தான். டிகிரி இல்லையே என்று மூன்று முறை தட்டிக்கழித்தவர்கள், நான்காம் முறை போக்குவரத்து மேனேஜரைப் பார்க்க அனுமதித்தார்கள். மேனேஜர் சுற்றி வளைக்கவில்லை.

“குளிர்ல வெக்க வேண்டிய மருந்தோட ஒரு லாரி நடுவழியில நின்னுடுச்சு. டிரைவர் உங்களுக்குப் போன் பண்றார். என்ன செய்வீங்க?”

“முதல்ல பெட்டிக்குள்ள இப்ப எத்தனை டிகிரின்னு கேப்பேன். குளிர்ப்பெட்டி ஓடுதா, இல்ல இன்ஜினோட சேந்து அதுவும் நின்னுடுச்சா? வண்டி எங்க நிக்குது? இந்த மூணும் தெரியாம நான் எதுவும் சொல்ல மாட்டேன் சார். தெரிஞ்சதும், பக்கத்துல காலியா திரும்புற நம்ம வண்டி எதுன்னு பாப்பேன்.”

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார்.

வேலை கிடைத்தது. ஆனாலும் பெரிய நாற்காலி இல்லை. உதவித் திட்டமிடுபவர் பதவி; ஆறு மாதம் சோதனை; மேலதிகாரி இருபத்தாறு வயதுப் பெண். சேதியைச் சொல்லும்போது ஏஜென்சி இளைஞனின் குரலே இறங்கிப்போயிருந்தது. “உங்க ரேங்குக்கு இது கம்மிதான் மேடம். வேண்டாம்னா சொல்லிடலாம்.”

“ராணுவத்துல சேந்தப்ப நான் டயருக்குக் காத்து பாத்துக்கிட்டிருந்தவதான் தம்பி. எந்தப் படியிலயும் எனக்கு ஏறத் தெரியும். என்னிக்கு வரணும்னு கேளுங்க.”

முதல் வாரம் மேலதிகாரிக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது. அந்தப் பெண் திரையைப் பார்த்து நேரம் போடுவாள்; இவள் முற்றத்தில் இறங்கி டிரைவர்களைக் கேட்டுவிட்டுத்தான் போடுவேன் என்பாள். பத்து நாள் கழித்து இருவரும் சேர்ந்தே முற்றத்துக்கு இறங்கினார்கள். காலையில் மருத்துவமனைகளுக்குப் போகும் ஒன்பது லாரியும் ஏழு மணிக்குள் வாசலைத் தாண்டத் தொடங்கின. நான்காம் மாதமே வேலையை நிரந்தரமாக்கினார்கள். அடுத்த வருஷம் புதிதாகத் திறந்த இரண்டாவது கிடங்கின் லாரிகள் முழுவதும் அவள் பொறுப்புக்கு வந்தன.