கங்கையம்மாளின் டவரும் மூன்று மாடிகளும்

ஓரிக்கையில் கங்கையம்மாள் வீடு எது என்று கேட்டால் யாரும் தெருப் பெயர் சொல்லமாட்டார்கள். அண்ணாந்து பார் என்பார்கள். இரண்டு மாடிக்கு மேலே நாற்பத்தைந்து அடி உயரத்துக்கு நிற்கிறதே இரும்புக் கம்பம், அதுதான் அடையாளம். அதன் உச்சியில் ஒரு வெள்ளை ஆன்டெனாத் தட்டு காஞ்சிபுரம் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது கம்பம். அவளுக்கு டவர். அவள் காதில் விழும்போது ஊரும் டவர் என்றுதான் சொல்லியாக வேண்டும்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். ஊரார் வயலில் நெல் அறுத்த குடும்பம், சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. இருபது வயதில் டெலிபோன் கேபிளுக்குப் பள்ளம் வெட்டும் வேலைக்குப் போனாள். கூட வந்தவர்கள் வெட்டினார்கள், கூலி வாங்கினார்கள், போனார்கள். இவள் மட்டும் இந்த ஒயர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, நடுவில் அறுந்தால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று மேஸ்திரியைத் துளைத்தெடுத்தாள். பிறகு கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்தாள். இன்று நானூறு வீட்டுக்கு இன்டர்நெட் கொடுக்கிறாள். அறுபத்து நாலு வயதிலும் புடவையை வரிந்து செருகிக்கொண்டு கம்பம் ஏறுவாள். இறங்கியதும், "இன்ஜினீருங்க ஏறுவானுங்களா? பேப்பர்ல படம் போடுவானுங்க" என்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஒயர் கொண்டுபோக முடியாத இடத்தில் மாடிக்கு மாடி பெட்டி வைத்திருந்தாள். மெஷ் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டிகளைப் பார்த்து வினாடிக்கு ஒரு தரம் சின்னதாகக் குரல் கொடுக்கும். பத்துக் குரலுக்கு எத்தனை பதில் வருகிறது என்று எண்ணி, நிறையப் பதில் வருகிற பக்கமாகச் செய்தியை அனுப்பும். ஒரு வழி செத்துப்போனால் யாரும் சொல்லாமலே இன்னொரு வழியைப் பிடித்துக்கொள்ளும்.

ஓரிக்கை நெசவாளர் தெருவிலிருந்து காஞ்சிபுரம் டவுனில் இருக்கும் அவள் ஆபீசுக்கு இப்படி இரண்டு வழி இருந்தது. ஒன்று, டவரில் ஏறி ஒரே தாவல். மற்றது, அரிசி ஆலை மாடி, டியூஷன் சென்டர் மாடி, கல்யாண மண்டபத்து மாடி என்று மூன்று இடத்தில் கால் வைத்துப் போவது. டவர் கட்டின அன்றே கங்கையம்மாள் ஒரு சட்டம் போட்டுவிட்டாள். டவர் ஓரளவுக்குப் பதில் சொன்னாலே போதும், பெட்டிகள் முதலில் அந்த வழிக்குத்தான் வர வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பூட்டும் போட்டு, பாஸ்வேர்டைத் தன் மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

அவளோடு பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவள் பிரவீனா. டிப்ளமோ படித்தவள், ஏனாத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். "நீங்க டவருக்கு ரொம்ப செல்லம் குடுக்கிறீங்கம்மா" என்று அவள் இரண்டொரு தரம் சொல்லிப் பார்த்தாள். "டவரு எங்கூட பொறந்துது, நீ அப்புறமா வந்தவ" என்று பதில் கிடைத்தது.

புதன்கிழமை வினை வந்தது.

நெசவாளர் தெருவில் ஜோதிகா என்று ஒருத்தி. புருஷன் தறியில் உட்கார, இவள் காலை பதினோரு மணிக்குப் போன் முன்னால் நின்று, வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுப் புடவையை விரித்துக் காட்டி விற்பாள். அன்று கரையும் உடலும் சேர்கிற இடத்தைத் தூக்கிப் பிடித்து "இந்தக் கோர்வையை பாருங்க" என்று அவள் சொல்லும்போதே படம் நின்றது. வந்தது. மறுபடியும் நின்றது. ஒரு தரம் அவள் வாய் திறந்தபடியே உறைந்துபோக, அந்தப் பக்கத்தில் யாரோ சிரித்தது இங்கே கேட்டது. கங்கையம்மாளுக்குப் போன் போனது. அவள் எப்போதும் செய்கிற வைத்தியத்தைச் செய்தாள். தன் போனில் ஒரு பொத்தானை அழுத்தி எல்லாப் பெட்டிகளையும் அணைத்து எழுப்பினாள். பெட்டிகள் எழுந்து ஆளுக்கு ஆள் குரல் கொடுத்து வழி கண்டுபிடிப்பதற்குள் நாலு நிமிஷம் போய்விட்டது. வாங்க வந்தவர்களும் போய்விட்டார்கள்.

சாயங்காலம் ஜோதிகா வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"இன்னா ஆயா, உன் டவரு தூங்கிக்கினு இருக்குதா?"

"யாருடி ஆயா? மேல ஏறிக் காட்டட்டுமா?"

"ஏறு, எறங்கு, எது வேணா பண்ணு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு சேலத்துல ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க பாக்குறாங்க. ஒம்போது புடவை. அதுல ஒரே ஒரு வாட்டி நின்னுச்சுன்னா, எங்க தெரு முப்பத்தோரு வீடும் ஃபைபர் கம்பெனிக்கு போயிடும். பேசி முடிச்சுட்டோம்."

கங்கையம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நானூறு வீட்டில் முப்பத்தொன்று போனால் கம்பெனி விழுந்துவிடாது. ஆனால் அவள் முதன்முதல் ஒயர் இழுத்த தெரு அது. சொந்த ஊர்த் தெருவே டவரைப் பார்த்துக்கொண்டு வேறொருவனிடம் இன்டர்நெட் வாங்குவது என்றால், கம்பத்தைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்.

வியாழக்கிழமை காலை பிரவீனாவை மாடிக்குக் கூட்டிப்போனாள். லேப்டாப்பில் இரண்டு வழியும் இரண்டு கோடாகத் தெரிந்தன. எது ஓடுகிறதோ அது பச்சை. ஜோதிகாவை ஒத்திகைக்கு வீடியோ போடச் சொன்னார்கள். கோடு டவருக்குப் போனது, மாடிகளுக்குப் போனது, டவருக்குத் திரும்பியது. கங்கையம்மாள் விரல்விட்டு எண்ணினாள். கால் மணியில் நாற்பத்து மூன்று தரம். வீடியோவை நிறுத்தியதும் கோடு டவரிலேயே அசையாமல் நின்றது.

"இன்னாடி இது? சும்மா இருந்தா நல்லா இருக்குது. வேலை குடுத்தா ஓடுது."

"அதாம்மா விஷயம். குரல் குடுக்குறது சின்ன சின்ன செய்தி. தென்னை மட்டைக்கு நடுவுல கூட பூந்து வந்துடும். வீடியோ பெருசு. காத்துல மட்டை ஆடினா பாதி போயிடுது."

கங்கையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். டவரிலிருந்து டவுன் போகிற வழியில் தென்னந்தோப்பு. கம்பம் நட்ட வருஷம் அது தட்டுக்குக் கீழே நின்றது. இப்போது மட்டைகள் தட்டின் கண்ணுக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தன. வாராவாரம் ஏறி இறங்கினவள்தான். தட்டைத் துடைத்தாளே தவிர, தட்டு எதைப் பார்க்கிறது என்று பார்க்கவில்லை.

லேப்டாப்பில் இருந்த கோட்டை விரலால் காட்டிச் சொன்னாள். "ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ கதை மாதிரி இருக்குது. பின்னாடி நிக்கிற ஆட்டோ காலியா இருக்குதுன்னு எல்லாரும் எறங்கி ஓடுவாங்க. அது ரொம்பிடும். இது காலியாயிடும். திரும்ப இதுக்கு ஓடியாருவாங்க. ஓடுற நேரத்துக்கு ஊரு போய் சேந்திருக்கலாம்."

"அதேதான். டவரு சும்மா இருக்கும்போது பத்துக்கு ஒம்போது பதில். உடனே எல்லாம் அங்க ஓடுது. பாரம் ஏறினதும் அஞ்சு. திரும்ப மாடிக்கு. உங்க சட்டம் வேற, வா வான்னு இழுக்குது. மாறுற ஒவ்வொரு வாட்டியும் படம் நிக்குது."

பிரவீனா மாற்ற வேண்டியதைச் சொன்னாள். சோதனைக் குரலை வீடியோ அளவுக்குப் பெரிதாக்குவது. கடைசிப் பத்து வினாடியை வைத்து முடிவு செய்யாமல், ஒரு நிமிஷத்துச் சராசரியைப் பார்ப்பது. புது வழி கால் பங்காவது மேலாக இருந்து, அரை நிமிஷம் அப்படியே நீடித்தால் மட்டும் மாறுவது. வழி அடியோடு செத்தால் மட்டும் உடனே தாவுவது. பிறகு லேப்டாப்பை அம்மா பக்கம் திருப்பி வைத்தாள். திரையில் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருந்தது.

கங்கையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்தாண்ட திரும்பு" என்றாள். பிரவீனா திரும்பிக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிற சத்தம் கேட்டது. சட்டம் போய்விட்டது. மீதியைப் பிரவீனா மாற்றினாள். பெட்டிகள் பெரிய குரலில் கேட்டதும் டவரின் மதிப்பெண் பத்துக்கு ஆறாக இறங்கியது. மூன்று மாடி வழி ஒன்பதில் நின்றது. பச்சைக்கோடு மாடிகளுக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"அப்ப என் டவரு?"

"மாடி வழி செத்தா தாங்கிப் பிடிக்கும்மா."

"தாங்கும். கட்டினது யாரு?" என்றாள், குரலில் சுரத்தே இல்லாமல்.

வெள்ளிக்கிழமை ஜோதிகா வீட்டில் பிரவீனா சுவரோரமாக உட்கார, தறிக்குப் பக்கத்தில் கங்கையம்மாளுக்கு ஸ்டூல் போட்டார்கள். கையில் போன், விரலுக்குக் கீழே அந்தப் பொத்தான். சேலத்துக்காரர்கள் பதினோரு பேர் திரைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நாலு புடவை தடங்கலில்லாமல் போனது. ஐந்தாவது அரக்குப் புடவை. ஜரிகையைக் கிட்டத்தில் காட்டும்போது படம் மங்கிக் கட்டம் கட்டமாக உடைந்தது. ஜோதிகா பேச்சை நிறுத்தாமல், கண்ணை மட்டும் திருப்பிக் கங்கையம்மாளைப் பார்த்தாள்.

பொத்தானுக்கு மேல் கட்டைவிரல் நின்றது. முப்பது வருஷப் பழக்கம், பழுது என்றால் கை சும்மா இருக்காது. அமுக்கினால் நாலு நிமிஷம் எல்லாம் இருட்டு. அமுக்காவிட்டால் பெட்டியை நம்ப வேண்டும். கங்கையம்மாள் எழுந்துபோய்ப் போனைப் பிரவீனா மடியில் போட்டாள். "புடிடி இத" என்று சொல்லிவிட்டுக் கையிரண்டையும் கட்டிக்கொண்டு நின்றாள். மனசுக்குள் எண்ணினாள். பதினெட்டு வந்தபோது ஜரிகை பளிச்சென்று தெளிந்தது. "இதேதான்! இத எடுத்து வைங்க" என்றது சேலத்துக் குரல்.

மண்டபத்து மாடியில் பந்தல் போடுகிறவன் இரும்பு ஏணியைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நடந்திருக்கிறான் என்பது பிற்பாடு தெரிந்தது. பழைய கணக்கு என்றால் படம் டவருக்கு ஓடி, திரும்பி, மூன்று தரமாவது நின்றிருக்கும்.

ஒன்பது புடவையும் காட்டி முடித்த பிறகு ஜோதிகா ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து நீட்டினாள். "ஃபைபர்காரன் நாளைக்கு அளக்க வர்றேன்னான். வேணாம்னு சொல்லிடறேன் பெரியம்மா. இன்னிக்கி அப்படி இன்னா பண்ணீங்க?"

"மெஷினுக்கு பிடிவாதம் கத்துக் குடுத்தேன். சும்மா சும்மா அங்க இங்க ஓடாத, புடிச்சா புடின்னு. அது என்கிட்ட ரொம்ப இருக்குது பாரு, கொஞ்சம் எடுத்துக் குடுத்தேன்." மோரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு பிரவீனாவைப் பார்த்தாள். "இவளும் கூட இருந்தா."

பிரவீனா சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் கொடுத்தாள். கங்கையம்மாள் தெருவில் இறங்கினதும் முதல் காரியமாகத் தோப்புக்காரருக்குப் போன் போட்டாள். தென்னை மட்டையைக் கழிக்க ஆள் எப்போது வரும் என்று கேட்டாள். ஆள் இல்லை என்றால் தானே ஏறுவதாகவும் சொன்னாள்.