கிணறு நாறிய சாரல் காலம்

எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், அடுத்து என்னைப் பார்ப்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எட்டு வயதுக்குள் இரண்டு தோண்டி, ஓர் அகப்பை, அப்பாவின் இடது கால் செருப்பு எல்லாவற்றையும் உள்ளே அனுப்பியிருந்தேன். அந்த ஆனி மாதம் கிணற்றுத் தண்ணீர் நாறத் தொடங்கியதும் வீடே என் பக்கம் திரும்பியது.

தென்காசியில் எங்கள் தெருவுக்குக் குழாய் வராத காலம். குடிக்க, குளிக்க, உலை வைக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கிணறுதான். சும்மா நாற்றம் இல்லை. அழுகின வெங்காயத்தை வதக்கி அதன் மேல் வெல்லப்பாகு ஊற்றினாற்போல ஒரு நாற்றம். சோறு நாறியது, ரசம் நாறியது. குளித்துவிட்டு வந்தவர் குளிக்காதவரைவிட அதிகம் நாறினார். தண்ணீர் இனிக்கும் என்று அம்மா நெல்லிக்கட்டை வெட்டிப் போட்டாள். இனிக்கத்தான் செய்தது, நாற்றமும் சேர்ந்து இனித்தது.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. எதத் தூக்கிப் போட்ட?" என்றார் அப்பா.

"சத்தியமா நான் இல்லப்பா."

"செருப்புக்கும் இதே சத்தியந்தானட்டி பண்ணுன?"

ஞாயிற்றுக்கிழமை வண்டி கட்டி ஐந்தருவிக்குப் போவதாக இருந்தது. கிணறு சுத்தமாகிற வரை நான் வண்டியில் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. வருஷம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகவே உயிரோடு இருந்தவள் நான். கிணற்றை இறைத்துப் பாருங்கள் என்று தரையில் புரண்டு அழுதேன்.

சித்தப்பாதான் குறுக்கே நின்றார். அப்பாவின் தம்பி, கல்யாணமாகி ஆறு வருஷம், அவரும் சித்தியும் எங்களோடுதான் இருந்தார்கள். வாயைத் திறந்து பேசாத மனிதர், அந்த வாரம் மட்டும் ஓயாமல் பேசினார். "எறைக்க வேண்டாம்ணே. சாரல் நேரம், ஊத்து பெருகித் தானா தெளிஞ்சிரும்." மறுநாள், உள்ளே பாம்பு கிடக்கிறது என்றார். எத்தனை பாம்பு என்று கேட்டேன். ரெண்டு என்றார். கொஞ்சம் யோசித்து, மூணு என்றார்.

சனிக்கிழமை காலையில் அப்பாவும் பக்கத்து வீட்டு ஆட்களும் மாற்றி மாற்றி இறைத்தார்கள். ஓர் ஆள் மட்டம் இறங்கியதும் சுவரில் ஒரு பொந்தும், அதற்குள் ஒரு சாக்கும் தெரிந்தன. பாம்பு ஒன்றுகூட இல்லை. தண்ணீர் ஏறியதில் அந்த இடத்துப் படிக்கல் பெயர்ந்து போயிருந்ததால் பெரியவர்களுக்குக் கால் வைக்க முடியவில்லை. என் இடுப்பில் கயிற்றைக் கட்டி இறக்கினார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத தலை. உள்ளே ஒன்றும் இல்லாததால் இறக்குவதற்கு லேசாகத்தான் இருந்திருக்கும்.

சாக்கைப் பிடித்தேன். கை முழுக்க முள் குத்தியது.

"எப்பா! முள்ளம்பன்னி செத்துக் கெடக்கு!"

மேலே நின்றவர்கள் பதறிக் கயிற்றைத் தளர்த்த, நான் தொபுக்கென்று இடுப்பளவு நாற்றத்தில் விழுந்தேன். சாக்கோடு என்னையும் தூக்கி, அவிழ்த்துப் பார்த்தால், பலாவுக்குத் தம்பி மாதிரி ஒரு முள்ளுப் பழம், அழுகிப் பிளந்து கிடந்தது.

"ஏ, இது துரியன் பழம்லா! குத்தாலத்துல சீசனுக்கு விக்கிறது" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. "இத எவம்லே இங்கன கொண்டாந்து வச்சது?"

பழக்க தோஷத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். துவைக்கிற கல்லுக்குப் பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "வீட்டுல வச்சா நாத்தம் காட்டிக் குடுத்துரும்னு பொந்துல வச்சேம்ணே. மறுநாளே தண்ணி ஏறி முங்கிட்டு."

அப்பா அவரை வெளுக்கப் போகிறார் என்று ஆசையோடு காத்திருந்தேன். அப்பாவோ சிரிக்க ஆரம்பித்தார். சித்தி வீட்டுக்குள் ஓடினாள். அம்மா பக்கத்து வீட்டு அத்தையின் காதில், "பிள்ள பொறக்கும்னு வாங்கியாந்திருக்காவ" என்றாள். நான் உடனே குச்சியால் பழத்தைக் கிளறிப் பார்த்தேன். கொட்டைதான் இருந்தது, பிள்ளை இல்லை. பாவம், கடைக்காரன் சித்தப்பாவை ஏமாற்றிவிட்டான்.

மிச்சத் தண்ணீரையும் இறைத்து, சுண்ணாம்பு போட்டுச் சுவரைத் தேய்த்து, அந்தக் கழுவின தண்ணீரையும் வாரிக் கொட்டினார்கள். ஞாயிறு காலையில் ஊறியிருந்த தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. வண்டியில் முதல் ஆளாக ஏறினேன். உதடு நீலமாகிற வரை அருவியை விட்டு வெளியே வரவில்லை.

திரும்புகிற வழியில் அப்பா ஒரு பழக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, இருந்ததிலேயே பெரிய துரியனாக வாங்கிச் சித்தப்பாவின் மடியில் வைத்தார்.

"ஒளிக்காதலே. நடுவீட்டுல வச்சே தின்னுங்க. நாத்தத்த நாங்க பொறுத்துக்கிடுதோம்."

சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, கெட்டுப்போன சாமானை மறுபடி வாங்குகிறாரே என்று அப்பாவின் புத்தியை நினைத்து வருத்தப்பட்டேன்.

அடுத்த சித்திரையில் சித்திக்கு இரண்டு கையும் நிறைய வளையல் அடுக்கி, செங்கோட்டையில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். சாரல் வந்தும் அவள் திரும்பவில்லை. பழ நாற்றம் தாங்காமல்தான் சித்தி ஓடிப்போய்விட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களே தவிர, ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை. ஆகவே அதுவே உண்மை என்று முடிவு கட்டி, சித்தப்பாவோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தேன்.