துணைக்குப் போனவள்

றுமைஸாவுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணம் முடித்துப் பதினான்கு வருடம். காத்தான்குடியில், வீட்டு முன்னறையில் அபாயா தைக்கிறாள்.

ஒரே வளவில் இரண்டு வீடுகள். மகள்மாருக்குச் சீதனமாக வாப்பா கட்டியவை. அடுத்த வீட்டில் தங்கை ஸாதியா, கணவன் முனாஸுடனும் மூன்று பெண்பிள்ளைகளுடனும் இருக்கிறாள். றுமைஸாவின் வீடு பிறகு ஸாதியாவின் மூத்தவள் இனாயாவுக்குத்தான் என்று அவர்களின் தாய் ஆசியா உம்மா சொல்வதுண்டு, கறிக்கு உப்புப் போதாது என்று சொல்கிற குரலில்.

மூன்றாவது பிரசவத்தில் ஸாதியாவுக்கு இரத்தம் ஏற்ற வேண்டிவந்தது. இப்போதைக்கு இன்னொன்று கூடாது என்றார் டாக்டர். அல்லாஹ் தருவதை மறுக்க நாம் யார் என்றான் முனாஸ். இடைவெளி விடலாம் என்று ஒரு மௌலவி சொன்னதை ஸாதியா மெதுவாக எடுத்துச் சொன்னாள். அவன் வேறொரு மௌலவியின் பயான் உரையைப் போனில் போட்டுக் காட்டினான்.

ஊர்க் கிளினிக்கில் எல்லாம் தெரிந்த முகங்கள். றுமைஸா பிள்ளை வேண்டி மட்டக்களப்பு டவுனுக்கு வைத்தியத்துக்குப் போகும்போது ஸாதியா துணைக்குப் போகத் தொடங்கினாள். முனாஸ் சந்தோஷமாக அனுப்பினான். அங்கே ஆஸ்பத்திரி மேல்மாடியில் அக்கா காத்திருக்க, தங்கை அவனுக்குத் தெரியாமல் கீழே பிள்ளை தங்காமலிருக்க ஊசி போட்டுக்கொள்வாள். திரும்பும்போது கல்லடிப் பாலத்தில் கையைத் தேய்த்தபடி, இனிக் கொஞ்ச நாளைக்குப் பயமில்லை என்பாள். றுமைஸா வாவியைப் பார்த்துக்கொண்டு வருவாள். தங்கையின் பிள்ளைகள் மீதான பொறாமை அவளுக்குப் பழகிவிட்டது. போதும் என்று சொல்ல முடிந்த அந்த நிம்மதியைத்தான் தாங்க முடியவில்லை.

நோன்புக்கு முந்திய மாதம் ஸாதியா அபாயா உடுத்து வந்து நின்றாள். முனாஸ் ஓட்டோ பிடித்து வந்திருந்தான்.

“இண்டைக்கி நான் வரல்ல. தலையிடி,” என்றாள் றுமைஸா.

“நாள் தவறினா கூடாதே ராத்தா.”

“என்ட வைத்தியந்தானே. மறுகா பார்ப்பம்.”

கணவனுக்கு முன்னால் ஸாதியாவால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை. ஓட்டோ வெறுமையாகத் திரும்பியது. றுமைஸா அன்று மத்தியானத்துக்குள் இரண்டு அபாயா தைத்து முடித்தாள். மறுகா என்றது பெருநாள் தாண்டியும் இழுபட்டது.

ஸாதியா வாந்தியெடுக்கத் தொடங்கினாள். முனாஸ் மஸ்கட் இனிப்புப் பெட்டியோடு வந்தான். உம்மாவும் ஸாதியாவும் பின்னால் வந்தார்கள்.

“ராத்தா, மூணும் எங்கட. இது உங்கட. பால்குடி மறந்ததும் கொண்டு வந்து தாறம்,” என்றான் முனாஸ்.

உம்மா அழுதாள். ஸாதியா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி போட உம்மா குசினிக்குப் போக, முனாஸ் போன் பேச முற்றத்துக்கு இறங்கினான். ஸாதியா கிட்ட வந்தாள்.

“இதுக்குத்தானா அண்டைக்கித் தலையிடி?”

இல்லையென்று சொன்னால், வேறு எதற்கு என்று சொல்லியாக வேண்டும்.

முனாஸ் திரும்பி வந்து, பேர் வைக்கிறதும் ராத்தாதான் என்றான்.

“எனக்கு வேணாம் மச்சான்.”

கூச்சப்படுகிறாள் என்று அவன் சிரித்தான். ஸாதியா தேத்தண்ணிக்கு நிற்காமல் போய்விட்டாள். இப்போது கர்ப்பிணிக் கிளினிக்குக்கு உம்மாவைத் துணைக்குக் கூட்டிப் போகிறாள்.